இறக்கத்தை மறக்காத மனிதர்: கிளெஸ்ஸி கம்மின்ஸ்



கல்யாண மண்டபத்தில் கரண்ட் போனால் வெளியே ஒரு பெரிய பெட்டி உறுமத் தொடங்கும். அடுத்த நிமிஷம் உள்ளே விளக்கு எரியும், மேளம் நிற்காது, பந்தியில் கை நனைத்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி, சினிமா தியேட்டர், பெரிய மில் எங்கே போனாலும் அந்த மாதிரிப் பெட்டிகள் உண்டு. பல பெட்டிகளின் மேல் ஒரு பெயர் இருக்கும். கம்மின்ஸ். நானும் சின்ன வயதிலிருந்து அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன். அது ஏதோ கம்பெனிப் பெயர் என்றுதான் நினைத்தேன். அது ஒரு மனிதரின் பெயர், அந்த மனிதர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், ஒரு பணக்காரருக்குக் கார் டிரைவராக வேலை பார்த்தவர் என்பது பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் அப்பா லாரி டிரைவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால்தானோ என்னவோ, டிரைவராக இருந்து எஞ்சின் செய்த ஒருவரைப் பற்றிப் படித்ததும் விட மனசு வரவில்லை. ஆண்டு மலருக்கு எடிசன், ராமானுஜன் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நான் இவரைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பண்ணையில் பிறந்த மெக்கானிக்

கிளெஸ்ஸி லைல் கம்மின்ஸ் 1888 டிசம்பர் 27-ஆம் தேதி அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு கிராமப்புறத்தில் பிறந்தார். பண்ணைக் குடும்பம். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. பதினொரு வயதிலேயே சொந்தமாக ஒரு சின்ன நீராவி எஞ்சின் செய்து பார்த்த பையன் அவர். நாம் ஃபவுண்டரி லேபில் ஒரு மோல்டு சரியாக வராமல் மூன்று முறை இடித்துக் கட்டுகிறோம். சொல்லிக்கொடுக்க சாரும் இல்லாமல், லேபும் இல்லாமல் ஒரு பையன் அதைச் செய்தான் என்றால் யோசித்துப் பாருங்கள்!

1908-இல் கொலம்பஸ் என்ற சின்ன ஊருக்கு வந்தார். (இது இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸ்.) அங்கே டபிள்யூ.ஜி. இர்வின் என்ற பேங்க் முதலாளி இருந்தார். அந்தக் காலத்தில் கார் வாங்குவது பெரிதல்ல, அதை ஓடவைப்பதுதான் பெரிது. கார் ஓட்டவும் பழுது பார்க்கவும் இர்வினுக்கு ஆள் வேண்டியிருந்தது. கம்மின்ஸ் அந்த வேலைக்குச் சேர்ந்தார்.

நடுவில் மார்மன் என்ற கார் கம்பெனியிலும் வேலை பார்த்தார். 1911-இல் முதல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயம் நடந்தபோது, ரே ஹாரூன் ஓட்டி ஜெயித்த மார்மன் காரின் உதவிக் குழுவில் இவரும் ஒருவர். பிறகு இர்வினிடமே திரும்பி வந்து, அவருடைய கார் ஷெட்டையே ஒர்க்‌ஷாப் ஆக்கிக்கொண்டார். வேலை போக மீதி நேரமெல்லாம் லேத்துதான், ஃபைலிங்தான். முதலாளியும் தடுக்கவில்லை. டிரைவருக்கு மெஷின் வாங்கிக் கொடுத்த முதலாளி! இப்படி ஒரு முதலாளி கிடைப்பது பாதி அதிர்ஷ்டம். கிடைத்ததை வீணாக்காமல் இருந்தது மீதி.

பத்து வருஷம் லாபம் இல்லை

டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் ருடால்ஃப் டீசல் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் காலத்து டீசல் எஞ்சின் யானை மாதிரி. கப்பலில் வைக்கலாம், மில்லில் வைக்கலாம். சாலையில் ஓடும் வண்டியில் வைக்க முடியாது. எடையும் அதிகம், வேகமும் குறைவு. அதைச் சின்னதாக்கி, வேகமாகச் சுற்றவைத்து, வண்டியில் ஏற்ற முடியும் என்று கம்மின்ஸ் நம்பினார். இர்வினின் பணத்தோடு 1919-இல் கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனியைத் தொடங்கினார்.

தொடங்கியதும் அடி மேல் அடி. விவசாயத்துக்கான சின்ன எஞ்சின்களை ஒரு பெரிய வியாபார நிறுவனம் ஆர்டர் எடுத்து விற்றது. பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்ற திட்டம். நிறைய எஞ்சின்கள் கம்பெனிக்கே திரும்பி வந்துவிட்டன. எஞ்சினிலும் கோளாறு இருந்தது. திரும்பி வந்த ஒவ்வொரு எஞ்சினையும் பிரித்துப் பார்த்து, எண்ணெய் சிலிண்டருக்குள் சரியான அளவில், சரியான நேரத்தில் போவதுதான் டீசலின் உயிர் என்று கம்மின்ஸ் கற்றுக்கொண்டார். இன்ஜெக்டர்தான் அவருக்கு வாழ்நாள் பாடமாக அமைந்தது. இந்த இன்ஜெக்டரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

பத்து வருஷம் ஓடியது. லாபம் வரவில்லை. 1929-இல் பங்குச் சந்தை சரிந்தது, அமெரிக்காவே ஆடிப்போனது. இர்வின் இனிமேல் பணம் போடுவாரா என்பதே சந்தேகம். கம்மின்ஸ் ஒரு காரியம் செய்தார். பழைய பேக்கார்டு கார் ஒன்றின் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டுத் தன்னுடைய டீசல் எஞ்சினைப் பொருத்தினார். 1929 கிறிஸ்துமஸ் அன்று அதை இர்வின் வீட்டு வாசலில் நிறுத்தி, அவரை உட்காரவைத்து ஊர் சுற்றிக் காட்டினார். பழைய டிரைவர் பழைய முதலாளியை ஏற்றிக்கொண்டு போன அந்தச் சவாரிதான் கம்பெனியைக் காப்பாற்றியது. இர்வின் மேலும் பணம் போட்டார்.

அடுத்த ஜனவரியில் அதே காரை இண்டியானாபொலிஸிலிருந்து நியூயார்க் வரைக்கும் கம்மின்ஸ் ஓட்டிப் போனார். 792 மைல், அதாவது சுமார் 1275 கிலோமீட்டர். எண்ணெய்ச் செலவு ஒன்றரை டாலருக்கும் குறைவு. பத்திரிகைகள் எழுதின. 1931-இல் டீசல் எஞ்சின் வைத்த பந்தயக் காரை இண்டியானாபொலிஸ் 500-இல் இறக்கினார். டேவ் எவன்ஸ் ஓட்டினார். ஜெயிக்கவில்லை, பதின்மூன்றாவது இடம்தான். ஆனால் 500 மைலும் ஒரு தடவைகூட எண்ணெய் போட நிற்காமல் ஓடி முடித்த முதல் கார் அதுதான். ஜெயித்தவர்களை விட, நிற்காமல் ஓடிய அந்த வண்டியைப் பற்றித்தான் லாரிக்காரர்கள் யோசித்திருப்பார்கள்.

கஹோன் கணவாய்

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

அதே 1931 ஆகஸ்டில் ஒரு லாரியில் தன் டீசல் எஞ்சினைப் பொருத்தி, நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரைக்கும் போய்க் காட்டுவது என்று கம்மின்ஸ் கிளம்பினார். கூடவே டேவ் எவன்ஸும் ஃபோர்டு மோயர் என்பவரும். கிழக்குக் கடலோரத்திலிருந்து மேற்குக் கடலோரம் வரை 3214 மைல், சுமார் 5170 கிலோமீட்டர். மொத்த டீசல் செலவு 11 டாலர் 22 சென்ட். பெட்ரோல் லாரி ஓட்டியவர்கள் நம்பமுடியாத கணக்கு இது.

ஏறக்குறையப் பயணம் முடியப்போகிற இடத்தில் கலிபோர்னியாவின் கஹோன் கணவாய் வந்தது. மொஹாவி பாலைவனத்தின் மேட்டிலிருந்து மலைகளுக்கு நடுவே புகுந்து சான் பெர்னார்டினோ ஊருக்கு இறங்கும் பாதை. 3000 அடிக்கு மேல் இறக்கம். இறங்கும்போது லாரியின் பிரேக் கைவிட்டுவிட்டது. வண்டி வேகம் எடுத்துக்கொண்டே போனது. கீழே ரயில்வே கிராஸிங். அதில் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது.

மயிரிழையில் தப்பினார்கள். ரயிலில் மோதாமல் எப்படியோ கடந்துவிட்டார்கள். வண்டி லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர்ந்தது, சாதனை என்று பேப்பரில் வந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். 11 டாலர் 22 சென்டைத்தான் உலகம் ஞாபகம் வைத்துக்கொண்டது. கம்மின்ஸ் மட்டும் அந்த இறக்கத்தை மறக்கவே இல்லை.

அந்த லாரியில் இருந்தது அவருடைய எஞ்சின். மலையில் ஏற்றியது அந்த எஞ்சின்தான். ஏற்றிவிட்ட எஞ்சின் இறக்கத்தில் கை கட்டி நிற்கிறது. மொத்த பாரத்தையும் நான்கு பிரேக் டிரம் தாங்க வேண்டியிருக்கிறது. இது என்ன நியாயம்?

பிரேக் ஏன் கைவிடுகிறது?

நாம் மெக்கானிக்ஸ் வகுப்பில் போட்ட கணக்குதான். 16 டன் லாரி 300 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையையும் உயரத்தையும் புவியீர்ப்பையும் பெருக்கினால் சுமார் 47 மெகாஜூல் வரும். அந்தச் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். பிரேக்கை மட்டுமே மிதித்து இறங்கினால் அது அவ்வளவும் சூடாக மாறும். அந்தச் சூடு சுமார் 160 லிட்டர் சாதாரணத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும். ஒரு பெரிய டிரம் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூட்டைப் பிரேக் டிரம்மும் லைனிங்கும் சில நிமிஷத்தில் வாங்க வேண்டும்!

வாங்க முடியாது. சூடானால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் பிடிப்பு குறையும். டிரைவர் பெடலை முழுக்க மிதிப்பார், வண்டி நிற்காது. முதலில் வாசனை வரும், பிறகு புகை வரும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. ஏர் பிரேக் வண்டியில் இன்னொரு ஆபத்து: அடிக்கடி மிதித்தால் டேங்கில் காற்று குறையும். எஞ்சின் ஐடிலிங்கில் ஓடினால் கம்ப்ரஸர் அதை வேகமாக நிரப்பாது. எஞ்சினையே அணைத்துவிட்டால் காற்றும் வராது, பவர் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது.

இதற்கு டிரைவர்கள் பழைய காலத்திலிருந்தே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு, லோடு அதிகம் என்றால் அதற்கும் ஒன்று கீழே போடு. கியரில் இருக்கும்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்ற வேண்டும். எஞ்சின் அதற்கு முரண்டு பிடிக்கும். அந்த முரண்டுதான் எஞ்சின் பிரேக்கிங். கியர் எவ்வளவு சின்னதோ அவ்வளவு பிடி. அதற்காக ரொம்பச் சின்ன கியரும் ஆகாது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றினால் வால்வு போய்விடும். கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும் என்பது முக்கியம். வண்டி ஓட ஆரம்பித்த பிறகு கியரை எடுத்தால், பழைய மாடல் கியர் பாக்ஸில் டபுள் கிளட்ச் போட்டாலும் மறுபடி விழாது. பல் அரைக்கும் சத்தம்தான் கேட்கும். வண்டி நியூட்ரலிலேயே போய்விடும்.

ஆனால் டீசல் எஞ்சினில் ஒரு குறை உண்டு. பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலேட்டரை விட்டால் த்ராட்டில் மூடிக்கொள்ளும், பிஸ்டன் காற்றை இழுக்கத் திணறும், அதனால் வண்டி பிடித்துக்கொள்ளும். அந்தக் கால டீசலில் த்ராட்டில் கிடையாது. காற்று தாராளமாக வரும். பிஸ்டன் அதை அழுத்தும். அழுத்தப்பட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடும். அழுத்துவதற்குச் செலவான சக்தி பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது. உராய்வு கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான். கம்மின்ஸ் லாரிகளுக்குக் கொண்டுவந்த எஞ்சின் ஏறுவதில் கெட்டி, இறங்குவதில் சோம்பேறி!

இருபத்தைந்து வருஷம் கழித்து

கம்மின்ஸ் எஞ்சின் லாரிகளில் பரவியது. கம்பெனி முதன்முதலில் லாபம் பார்த்தது 1937-இல். தொடங்கிப் பதினெட்டு வருஷம் கழித்து! 1950-களின் நடுவில் கம்பெனிப் பொறுப்பிலிருந்து ஒதுங்கிய கம்மின்ஸ் கலிபோர்னியாவில் சாசலிட்டோ என்ற ஊரில் குடியிருந்தார். வயது அறுபத்தைந்துக்கு மேல். இனி ஓய்வுதானே என்று யாரும் நினைக்கலாம். அவர் அந்தப் பழைய இறக்கத்தைத் திரும்ப எடுத்தார்.

அவர் யோசித்தது இதுதான். அழுத்தப்பட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளுவதுதான் பிரச்சினை. சரி, அது தள்ளுவதற்கு முன்னாலேயே அதை வெளியே விட்டுவிட்டால்? பிஸ்டன் மேலே வந்து காற்றை அழுத்தி முடிக்கும் அந்தக் கணத்தில் எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் திறந்தால் போதும். காற்று புஸ்ஸென்று வெளியே போய்விடும். அழுத்தச் செலவான சக்தி திரும்பி வராது. டீசலும் போகாததால் எஞ்சின் ஒரு ஏர் கம்ப்ரஸராக மாறி, வண்டியின் வேகத்தைத் தின்னும்.

நல்ல யோசனை. ஆனால் சரியாக அந்தக் கணத்தில் வால்வை யார் திறப்பது? எக்ஸாஸ்ட் கேம் அந்த நேரத்தில் சும்மா இருக்கும். தனியாக ஒரு கேம் வைத்தால் எஞ்சினையே மாற்ற வேண்டும்.

விடை அவருடைய எஞ்சினுக்குள்ளேயே இருந்தது. கம்மின்ஸ் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மூன்று கேம். ஒன்று இன்லெட், ஒன்று எக்ஸாஸ்ட், மூன்றாவது இன்ஜெக்டருக்கு. பிஸ்டன் மேலே வந்து அழுத்தி முடிக்கிற நேரத்தில்தானே டீசல் உள்ளே போக வேண்டும்? அப்படியானால் இன்ஜெக்டர் கேம் அசைவதும் அதே நேரத்தில்தான்! அந்த அசைவை அவர் எண்ணெய் அழுத்தத்தின் வழியாக எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடத்தினார். ஒரு பக்கம் ஒரு சின்ன பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும், மறுபக்கம் இன்னொரு சின்ன பிஸ்டன் வால்வை அழுத்தும். டிரைவர் ஸ்விட்சைப் போட்டால் வேலை செய்யும், எடுத்தால் எஞ்சின் பழையபடி ஓடும். வால்வு கவருக்கு அடியில் பொருத்தும் ஒரு அமைப்பு, அவ்வளவே. திரும்பி வந்த எஞ்சின்களைப் பிரித்துப் பிரித்து இன்ஜெக்டரைக் கற்றுக்கொண்ட மனிதருக்கு, முப்பது வருஷம் கழித்து அந்த இன்ஜெக்டரே வழி காட்டியது.

இதைத் தயாரிக்க எஞ்சின் கம்பெனிகள் ஆர்வம் காட்டவில்லை. அவர் பெயரைத் தாங்கிய கம்பெனியும் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் எடுத்தது யார் தெரியுமா? ஜேக்கப்ஸ் என்ற கம்பெனி. நம் ஒர்க்‌ஷாப்பில் டிரில்லிங் மெஷினில் சாவி போட்டு முடுக்குகிறோமே டிரில் சக், அந்த சக்குக்குப் பெயர் போன கம்பெனி. எஞ்சினுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. 1961-இல் அவர்கள் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க லாரி டிரைவர்கள் இன்றும் இதைச் செல்லமாக ஜேக் பிரேக் என்கிறார்கள். காற்று வெளியேறும்போது பட்பட்டென்று பயங்கர சத்தம் வரும். அங்கே பல ஊர்களின் எல்லையில் எஞ்சின் பிரேக் போடக்கூடாது என்று பலகையே வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஏற்றத்தில் எவ்வளவு சக்தி தருமோ, கிட்டத்தட்ட அதே அளவு சக்தியை இறக்கத்தில் பிடித்துவைக்கும் அளவுக்கு இது வளர்ந்துவிட்டது. சாதாரண பிரேக் சூடாகாமல், கடைசி அவசரத்துக்குத் தயாராக இருக்கும்.

1965-இல் பேட்டன்ட் கிடைத்தது. 1968 ஆகஸ்டில் கம்மின்ஸ் காலமானார். வயது எழுபத்தொன்பது. அவருடைய எஞ்சின் பிரேக்கை 1985-இல் அமெரிக்க மெக்கானிக்கல் எஞ்சினியர்கள் சங்கம் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. நம் நாட்டுக்கும் அவர் எஞ்சின் வந்தது. 1962-இல் புனேயில் கிர்லோஸ்கர் கம்மின்ஸ் கம்பெனி தொடங்கியது. கல்யாண மண்டப வாசலில் நாம் பார்க்கும் பெயர் வந்த வழி இதுதான்.

இனி அந்த இன்னொரு காரணம்

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அப்பா வெங்காய லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் வழியாக வந்தார். தருமபுரி தாண்டினால் தொப்பூர் கணவாய் இறக்கம். லாரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த இடம், பயந்த இடம். ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி கட்டுக்கு அடங்காமல் போய், எதிரே எந்த வண்டி மேலும் மோதக்கூடாது என்று அப்பா அதை மலைப் பக்கமாக ஒதுக்கி உரசவிட்டார். கிளீனர் அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கம்பி வைத்தார்கள். எட்டு மாசம் வீட்டில் இருந்தார். ரோடெல்லாம் வெங்காயம் சிதறிக் கிடந்ததாகக் கிளீனர் அண்ணன் சொன்னார். பிரேக் ஃபெயிலியர் என்று எழுதிக்கொண்டார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். அந்த எட்டு மாசமும் அம்மா நூல் மில்லுக்கு நைட் ஷிப்ட் போனார்.

போன வருஷம் கஹோன் கணவாய் கதையைப் படித்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். காலண்டர் தாளின் பின்பக்கம் சிலிண்டர், பிஸ்டன், வால்வு எல்லாம் படம் போட்டுக் காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜேக் பிரேக்கைப் பற்றிச் சொல்லி முடித்ததும், நியூட்ரலில் போட்டால் இது வேலை செய்யுமா என்று கேட்டார். செய்யாதுப்பா, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துபோகுமே என்றேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார். அன்றைக்கு ராத்திரி மேலே இருந்தே நியூட்ரலில்தான் விட்டாராம். அம்மாவுக்குக்கூட இத்தனை வருஷமாகத் தெரியாது.

ஏன் விட்டார்? அப்போது அவர் ஓட்டிய வண்டியின் ஓனர் ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு வைத்திருந்தார். குறைந்தால் பேட்டாவில் பிடித்துவிடுவார். மிச்சமானால் டிரைவருக்கு. இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம் என்று டிரைவர்கள் எல்லாரும் நம்புகிறார்கள். அப்பாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த குருவும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாராம்.

நண்பர்களே, அந்தக் கணக்கே தப்பு என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இதை நான் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். லோடு லாரி ஒரு பெரிய இறக்கத்தில் கியரில் இறங்கும்போது, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், பழைய பம்ப்பின் கவர்னரே டீசலை அடைத்துவிடும். புது வண்டிகளில் கம்ப்யூட்டர் அடைத்துவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, டீசல் எதற்கு? ஆனால் நியூட்ரல் போட்டால் எஞ்சின் தானாகத்தான் ஐடிலிங்கில் ஓட வேண்டும், அதற்கு டீசல் வேண்டும். சின்னச் சரிவில் நியூட்ரலில் வண்டி கொஞ்ச தூரம் கூடுதலாக உருளும் என்பது உண்மைதான். மலை இறக்கத்தில் அந்தப் பேச்சே இல்லை. அங்கே நியூட்ரலில் போனால்தான் டீசல் செலவு, கியரில் இறங்கினால் செலவே இல்லை! இல்லாத லாபத்துக்காக எங்கப்பா கால் போனது.

சொன்னேன். அப்பா கோபப்படவில்லை. இதை அப்போதே யாராவது சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். பம்ப் ரிப்பேர் செய்யும் மெக்கானிக்குக்குத் தெரியும், கம்பெனி எஞ்சினியருக்குத் தெரியும், நம் பாடப் புத்தகத்திலும் கவர்னர் பாடம் இருக்கிறது. டிரைவர் சீட் வரைக்கும் அது வந்து சேரவில்லை. தெரிந்தவன் சொல்லவில்லை, தெரியாதவன் கேட்கவில்லை.

கிளெஸ்ஸி கம்மின்ஸ் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். அவர் எஞ்சின் செய்கிறவரும் ஆனார், லாரியோடு இறக்கத்திலும் போனார். ஒர்க்‌ஷாப்பும் ஸ்டியரிங்கும் அவரிடம் ஒன்றாக இருந்தன. அதனால்தான் அந்தச் சரக்கு ரயில் அவருக்கு இருபத்தைந்து வருஷம் மறக்கவில்லை. வெறும் எஞ்சினியராக இருந்திருந்தால் 11 டாலர் 22 சென்ட் கணக்கோடு முடிந்திருக்கும். வெறும் டிரைவராக இருந்திருந்தால், எங்கப்பா மாதிரி, யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள்ளேயே வைத்திருந்திருப்பார்.

நாம் படித்துவிட்டு நாளைக்கு ஒர்க்‌ஷாப்பிலோ, கம்பெனியிலோ, சொந்தப் பட்டறையிலோ நிற்கப் போகிறோம். நம்மில் பாதிப் பேர் வீட்டில் டிரைவரோ, தறிக்காரரோ, மெஷின் ஆளோ இருக்கிறார்கள். நாம் கற்றுக்கொண்டதை முதலில் அவர்களிடம் போய்ச் சொல்வோம். அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டுக்கொள்வோம். புகை வருவதற்கு முன்னால் லைனிங் வாசனை எப்படி இருக்கும் என்று அப்பா சொன்னது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இதை மலரில் எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். எழுதச் சொன்னார். நாலு டிரைவர் வீட்டுப் பிள்ளைகள் படித்தால் நாலு டிரைவர்களுக்குத் தெரியும் என்றார். இப்போது அவர் வேறு வண்டி ஓட்டுகிறார். கால் கொஞ்சம் தாங்கித்தான் நடக்கிறார். தொப்பூர் மேட்டில் வண்டியை ஓரங்கட்டி, டயரைத் தட்டிப் பார்த்து, சின்ன கியரைப் போட்டுவிட்டுத்தான் இறங்குகிறாராம். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும் என்கிறார்.

உங்கள் வீட்டிலும் யாராவது லாரி ஓட்டினால் இன்றைக்கே கேட்டுவிடுங்கள், இறக்கத்தில் எந்த கியரில் வருகிறார்கள் என்று.

— இறுதியாண்டு மாணவன், மெக்கானிக்கல் பிரிவு